ஓடுவது நம் ரோட்டில், வரி மட்டும் வேறு ஊருக்கா? போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

வெளிமாநிலப் பதிவெண் வண்டிகளைப் பிடிக்கும் வேலை உங்கள் துறையில் அவ்வப்போது சூடு பிடிக்கிறது, அப்புறம் ஆறிப்போகிறது. சூடாக இருக்கும் நாட்களில் செக்போஸ்ட்டில் வண்டிகள் வரிசையாக நிற்கும், செய்தித்தாளில் படம் வரும், பாதி வழியில் இறக்கிவிடப்பட்ட பயணிகள் பையோடு ரோட்டோரம் நிற்பார்கள். சில வாரம் கழித்துப் பார்த்தால் அதே நம்பர், அதே ரூட்டு. வரி ஏய்ப்பவர்களைப் பிடிக்காதீர்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. வலை எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுவதில்லை, விழக்கூடாத தலைகளில் விழுகிறது என்பதுதான் என் புகார்.

முதலில், தப்பவே முடியாதவர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி, அதாவது வண்டி வாங்கும்போதே ஒரே தடவையாகக் கட்டும் வரி, உயர்ந்தது. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான இருசக்கர வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12. காரில் ஐந்து லட்சம் வரை 12, பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கும் மேலே போனால் 20 சதவீதம். தொண்ணூறாயிரம் ரூபாய்க்கு ஸ்கூட்டர் வாங்கி சாப்பாடு டெலிவரி செய்யும் பையன், வண்டி ஷோரூமை விட்டு வெளியே வருவதற்கு முன்பே ஒன்பதாயிரம் ரூபாய் வரியைக் கட்டிவிடுகிறான். கட்டலாமா வேண்டாமா என்று யோசிக்க அவனுக்கு இடமே இல்லை. ஆறு லட்சத்துக்குச் சின்ன கார் வாங்கும் குடும்பம் 78,000 ரூபாய் கட்டுகிறது. அதுவும் பெரும்பாலும் கடனில்.

யோசிக்க இடம் கிடைப்பது ஒரு கோடி ரூபாய் கார் வாங்குகிறவருக்குத்தான். இங்கே நம்பர் போட்டால் 20 லட்சம் ரூபாய் வரி. கொஞ்சம் தள்ளிப் போய்ப் புதுச்சேரியில் போட்டால் அதில் சிறு பங்கு. புரோக்கர் ஒருவர், வாடகை ஒப்பந்தம் ஒன்று, பிஒய் 01 என்று ஆரம்பிக்கும் ஒரு பலகை, வேலை முடிந்தது. 2017-ல் கேரளத்தில் இது பெரிய விவகாரமாக வெடித்தது நினைவிருக்கும். நடிகர்கள், அரசியலில் இருப்பவர்கள் என்று பலருடைய சொகுசு கார்கள் புதுச்சேரி முகவரிகளில் பதிவாகியிருந்தன. அந்த முகவரியில் போய் விசாரித்தால், அங்கே குடியிருப்பவருக்கு அப்படி ஒரு காரைப் பற்றியே தெரியவில்லை என்றெல்லாம் செய்தி வந்தது.

சட்டம் இதில் குழப்பமாகவும் இல்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 40: உரிமையாளர் எங்கே வசிக்கிறாரோ, அல்லது எங்கே தொழில் செய்து வண்டியை வழக்கமாக நிறுத்துகிறாரோ, பதிவு அங்கே. பிரிவு 47: ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால், புது மாநிலத்தின் நம்பருக்கு மாற வேண்டும். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை வண்டி வரியை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே விகிதம் மாநிலத்துக்கு மாநிலம் மாறத்தான் செய்யும். அதில் தவறு இல்லை. விகிதம் குறைவான இடத்தில் நம்பரை வாங்கிக்கொண்டு, விகிதம் அதிகமான இடத்தின் ரோட்டில் வண்டியை ஓட்டுவதில்தான் தவறு.

இந்த வரி எதற்காக என்பதில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் ஒரு தீர்ப்பு சொன்னது. விசாகப்பட்டினம் உருக்காலையின் மதிலுக்குள் மட்டுமே ஓடிய வண்டிகளுக்கு ஆந்திர அரசு வரி கேட்டிருந்தது. பொது இடத்தில் ஓடாத வண்டி, பொது ரோட்டால் எந்தப் பலனும் அடையாத வண்டி, அந்தக் காலத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு வண்டிக்காரருக்குச் சாதகமானது. ஆனால் அதைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். வரி, ரோட்டைப் பயன்படுத்துவதற்கு என்றால், பயன்படுத்தும் ரோடு எந்த மாநிலத்துடையதோ அங்கேதான் அது சேர வேண்டும். ஆக, உங்கள் ஆட்கள் கேட்க வேண்டிய கேள்வி ‘இது எந்த ஊர் நம்பர்?’ என்பது இல்லை. ‘இந்த வண்டி கடந்த ஒரு வருடமாக எங்கே ஓடியது?’ என்பதுதான். நடுரோட்டில் கை காட்டி நிறுத்தி இதற்குப் பதில் வாங்க முடியாது. பதில் இருக்கும் இடமே வேறு.

அதற்கு வருவதற்கு முன் ஆம்னி பஸ் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ஏனென்றால் நம் மாநிலத்தில் இந்த நோயின் முழு உருவமும் தெரிவது அங்கேதான்.

2024 ஜூனில் உங்கள் துறையே வெளியிட்ட கணக்குப்படி, தமிழ்நாட்டுக்குள் ஓடிய வெளிமாநிலப் பதிவெண் ஆம்னி பஸ்கள் 652. பலமுறை அவகாசம் கொடுத்த பிறகு தமிழ்நாட்டு நம்பருக்கு மாறியவை 105. மீதி 547 பஸ்களும் ஜூன் 18 முதல் ஓடக்கூடாது என்று உத்தரவு வந்தது. அரசுக்கு ஆண்டுக்கு 34 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்றும் அப்போது சொல்லப்பட்டது. அந்த பஸ்களில் நாகாலாந்து நம்பர் இருந்தது, அருணாசலப் பிரதேச நம்பர் இருந்தது. சென்னையில் கிளம்பி மதுரைக்கும் கோவைக்கும் தினம் இரவு போய்வரும் பஸ், நாகாலாந்து மலைப்பாதையை ஒரு நாளாவது பார்த்திருக்குமா? பயணிகளும் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஏறிப் படுத்துக்கொள்வார்கள். பழகிவிட்டது.

இவை காட்டும் சீட்டு, அகில இந்திய டூரிஸ்ட் பெர்மிட். 2021-ல் புது விதிகள் வந்தன, 2023-ல் அவை திருத்தி எழுதப்பட்டன. ஒரே இடத்தில் ஆன்லைனில் பணம் கட்டி நாடு முழுக்க ஓட்டலாம், அந்தத் தொகை மாநிலங்களுக்குப் பங்காகப் போகும். நோக்கம் நல்ல நோக்கம். கன்னியாகுமரிக்கும் ராமேஸ்வரத்துக்கும் யாத்திரை வரும் வண்டி ஒவ்வொரு எல்லையிலும் நின்று காசு கட்ட வேண்டாம் என்பதற்காக வந்தது. அதை வைத்துக்கொண்டு தினசரி சர்வீஸ் ஓட்டுவது, தனித்தனி இருக்கையாக டிக்கெட் விற்பது எல்லாம் நடக்கிறது. மாநிலம் ‘இது டூரிஸ்ட் வண்டி இல்லை’ என்கிறது, உரிமையாளர்கள் ‘பெர்மிட்டுக்குப் பணம் கட்டியாயிற்றே’ என்கிறார்கள். உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு இது.

உரிமையாளர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் படுக்கை வசதி பஸ்ஸுக்கு இங்கே பதிவு கிடைக்கவில்லை, அதனால்தான் வெளியே போனோம் என்பார்கள். பெர்மிட்டுக்கு ஒரு முறை, போகும் மாநிலத்துக்குத் தனியாக இன்னொரு முறை என்று இரண்டு தடவை கட்டச் சொன்னால் தொழில் நடக்காது என்பார்கள். 2025 நவம்பரில் கேரளம் தமிழ்நாட்டு ஆம்னி பஸ்களைப் பிடித்து அபராதம் போட்டபோது, அந்தப் பக்கம் போகும் பஸ்களையே உரிமையாளர்கள் நிறுத்திவிட்டார்கள். தமிழ்நாடு கேரள வண்டியைப் பிடிப்பதால்தான் கேரளம் நம் வண்டியைப் பிடிக்கிறது என்ற குரலும் அப்போது எழுந்தது. தெற்கு மாநிலங்களின் ஆணையர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, மாநிலம் விட்டு மாநிலம் போகும் பஸ்ஸுக்கு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு பங்கு என்று பேசி முடிக்காதவரை, இந்தப் பிடி-விடு விளையாட்டில் நடுவே மாட்டுவது ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தவர்தான்.

ஆனால் மாநிலத்துக்குள்ளேயே ஓடும் பஸ்ஸுக்கு இந்தச் சாக்கு பொருந்தாது. சென்னை–மதுரை ஓட்டுகிறவருக்கு அருணாசலம் எதற்கு?

இதில் வரி இழப்பை விட என்னைப் பயமுறுத்துவது வேறு ஒன்று. நம்பர் எங்கே இருக்கிறதோ அந்த ஊர்தான் வண்டியின் ஆவணங்களுக்கும் பொறுப்பு. கூடுதல் படுக்கை போட்டாரா, அவசர வழியை அடைத்தாரா என்பதெல்லாம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஓர் அலுவலகத்தின் கோப்பில் முடிந்துவிடுகிறது. 2025 அக்டோபரில் கர்னூல் அருகே தீப்பிடித்து எரிந்த பஸ் ஹைதராபாத்திலிருந்து பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் பலகையில் இருந்தது டாமன் – டையூ நம்பர். தூக்கத்திலேயே கருகிப்போனவர்களின் எண்ணிக்கை நாட்டையே உலுக்கியது. தீக்குக் காரணம் நம்பர் பலகை என்று நான் சொல்லவில்லை. அந்த பஸ்ஸைக் கண்ணால் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டிய அலுவலகம் அது ஓடிய வழியில் எங்கேயும் இல்லை என்றுதான் சொல்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. விபத்து வழக்கில் பெர்மிட் மீறலைக் காட்டித் தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆயிரத்து சொச்சம் ரூபாய்க்கு டிக்கெட் வாங்கியவருக்கு இதெல்லாம் தெரியவா போகிறது?

சரி, பதில் எங்கே இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? பாஸ்டேக். 2021 பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டில் அது கட்டாயம். ஒவ்வொரு டேக்கும் ஒரு பதிவெண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. பரனூரையும் விக்கிரவாண்டியையும் மாதம் இருபது முறை கடக்கும் நாகாலாந்து பஸ், தன் ‘சொந்த’ மாநிலத்தில் ஒரு டோல்கேட்டைக்கூடக் கடக்கவில்லை என்பதைக் கணினி நொடியில் சொல்லிவிடும். இது கற்பனை இல்லை. டோல்கேட் தகவலை ‘வாகன்’ என்ற நாடு தழுவிய வண்டிப் பதிவுத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, இன்சூரன்ஸ், எஃப்சி (தகுதிச் சான்று) இல்லாத வண்டிகளுக்குத் தானாகவே சலான் அனுப்பும் முறையை பீகாரும் ஒடிசாவும் ஏற்கெனவே தொடங்கிவிட்டன. அதில் வரியையும் வசிக்கும் மாநிலத்தையும் சேர்ப்பது பெரிய வித்தை இல்லை.

இதே தகவல் இன்னும் இரண்டு பழைய தந்திரங்களையும் வெளியே கொண்டுவரும். வண்டி ஓடவில்லை, ஷெட்டில் நிற்கிறது என்று எழுதிக்கொடுத்து அந்தக் காலாண்டு வரியைத் தவிர்த்துவிட்டு, தீபாவளி நெரிசலில் சத்தமில்லாமல் ஓட்டுவது ஒன்று. ஒரே நம்பரில் இரண்டு வண்டி ஓட்டுவது இன்னொன்று. ஒரே பதிவெண் பத்து நிமிட இடைவெளியில் திருச்சியிலும் ஓசூரிலும் டோல்கேட்டைக் கடந்தால், யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று புரிந்துகொள்ள மோட்டார் வாகன ஆய்வாளர் தேவையில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே வைக்கிறேன். யார் எந்த நாளில் எங்கே போனார் என்ற தகவல் விளையாட்டுப் பொருள் இல்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-லேயே ஒன்பது நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அதனால் எல்லா வண்டியையும் துரத்தும் அமைப்பு வேண்டாம். வெளிமாநிலப் பதிவெண், ஒரு வருடத்துக்கு மேல் இங்கேயே ஓட்டம், பதிவான மாநிலத்தில் ஓட்டமே இல்லை. இந்த மூன்றும் பொருந்தும் பதிவெண்களை மட்டும் கணினி வெளியே தரட்டும். மற்றவை அதிகாரியின் கண்ணில் படவே வேண்டாம். டோல்கேட் பக்கமே போகாமல் ஊருக்குள் சுற்றும் சொகுசு கார்களுக்கு போக்குவரத்து போலீஸின் கேமராக்கள் இருக்கின்றன. 2025 ஜூலையில் பெங்களூரில் மகாராஷ்டிர நம்பரோடு சுற்றிய ஒரு ஃபெராரிக்கு அதிகாரிகள் கெடு வைத்ததும், உரிமையாளர் 1.41 கோடி ரூபாயை ஒரே தவணையில் கட்டினார். ஒரே ஒரு கார்! தொண்ணூறாயிரம் ரூபாய் ஸ்கூட்டர் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் விற்றால்தான் அந்த வரி வரும்.

இனி, வலை தவறாக விழும் தலைகளைப் பற்றி.

பெங்களூரில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, கேஏ நம்பர் காரோடு கோவைக்கோ சென்னைக்கோ திரும்பிவரும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கர்நாடகத்தில் முழு வாழ்நாள் வரியும் கட்டியவர். இங்கே மாற வேண்டுமென்றால் முதலில் பழைய ஆர்டிஓவில் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வாங்க வேண்டும். கடன் இருந்தால் வங்கியின் கடிதம் வேண்டும். இங்கே வந்து, வண்டியின் வயதுக்கு ஏற்ற வரியைக் கையிலிருந்து கட்ட வேண்டும். புது ஆர்சி (பதிவுச் சான்று) வந்த பிறகு பழைய மாநிலத்துக்கு விண்ணப்பித்து, மீதிக் காலத்து வரியைத் திரும்பக் கேட்க வேண்டும். அந்தப் பணம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நடுவில் எத்தனை லீவு போட வேண்டும் என்பதும் அப்படித்தான். புரோக்கர்கள் பிழைப்பதே இந்தத் தாமதத்தில்தான். ஆகவே அவர் மாற்றாமல் ஓட்டுகிறார். உங்கள் கணக்கில் அவரும் ஏய்ப்பவர், அருணாசல பஸ்காரரும் ஏய்ப்பவர். இருவரையும் ஒரே தராசில் வைப்பது எனக்கு உறுத்துகிறது. ஒருவர் வரி கட்டாமல் இருக்க ஊர் மாறியவர், இன்னொருவர் ஊர் மாறியதால் இரண்டாவது முறை கட்டத் தயங்குபவர்.

மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த பிஎச் வரிசை நம்பர் இதற்கு மருந்தாக வந்ததுதான். இரண்டிரண்டு வருடத்துக்கு வரி கட்டினால் போதும், மாநிலம் மாறினால் நம்பர் மாற வேண்டாம். ஆனால் பாதுகாப்புப் படையினர், அரசு ஊழியர்கள், பொதுத்துறையினர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனத்தினர் என்று அது ஒரு சிலருக்குத்தான். சொந்தமாகச் சின்னத் தொழில் செய்கிறவர், சிறு கம்பெனியில் இருப்பவர், ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறவர் எல்லாம் பழைய வரிசையிலேயே நிற்க வேண்டியிருக்கிறது.

எல்லையோரத்துக்காரர்கள் பாடு தனி. கோட்டக்குப்பம் தமிழ்நாடு, அதை ஒட்டினாற்போல் புதுச்சேரி. வீடு ஒரு பக்கம், கடை மறு பக்கம். தொழில் நடக்கும் இடத்தில் வண்டியைப் பதிவு செய்யப் பிரிவு 40 அவர்களுக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் பிஒய் நம்பரைப் பார்த்ததும் விழுப்புரம், கடலூர் ரோட்டில் கை நீள்கிறது. சென்னை நட்சத்திர ஹோட்டல் வாசலில் நிற்கும் பிஒய் நம்பர் காரைப் பார்த்து அந்தக் கை நீண்டு நான் கேள்விப்பட்டதில்லை. (உங்கள் ஊழியர்கள் எல்லோரையும் குறை சொல்லவில்லை. பெரிய காரை நிறுத்தினால் அடுத்த நிமிடம் யாரிடமிருந்து போன் வரும் என்று அவர்களுக்கும் தெரியும்.)

நான் கேட்பது இவ்வளவுதான். சாலைச் சோதனையைக் குறைத்து, தகவலை வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். பஸ், அதற்கு அடுத்து இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கார், மற்றவர்கள் கடைசியில் என்று வரிசை வையுங்கள். நடுவழியில் பயணிகளை இறக்கும் வேலை இனி வேண்டவே வேண்டாம். பஸ் எங்கிருந்து எப்போது கிளம்புகிறது என்று டிக்கெட் ஆப்பிலேயே போட்டிருக்கிறது, கிளம்புவதற்கு முன் ஷெட்டிலேயே போய்ப் பிடிக்கலாம். பழைய பாக்கிக்கு ஒரு முறை அபராதச் சலுகை கொடுங்கள், ஒரே ஒரு முறை. கேரளத்தில் ஒருமுறைத் தீர்வுத் திட்டம் திரும்பத் திரும்ப வந்து, அடுத்ததற்குக் காத்திருக்கலாம் என்ற நினைப்பைத்தான் வளர்த்திருக்கிறது என்பது என் எண்ணம்.

ஏய்ப்பு எவ்வளவு என்று அளந்து ஊருக்குச் சொல்லவும் செய்யுங்கள். பிரிட்டனில் ரோட்டோரம் கேமரா வைத்து நம்பர்களைப் படித்து, வரி கட்டாத வண்டிகளின் விகிதத்தை அரசே வெளியிடுகிறது. கண்ணாடியில் ஒட்டும் வரி வில்லையை 2014 அக்டோபர் 1-ல் அங்கே நிறுத்தினார்கள். 2013-ல் 0.6 சதவீதமாக இருந்த ஏய்ப்பு 2015-ல் 1.4, 2017-ல் 1.8 என்று ஏறியது. அரசுக்குச் சங்கடமான எண்கள்தான், ஆனாலும் மறைக்கவில்லை. நம்மிடம் அப்படி வழக்கமாக வெளியிடும் எண் ஒன்று இருந்தால், ‘சூடு பிடிக்கும்’ வாரங்களில் உண்மையில் ஏதாவது குறைந்ததா என்று நாங்களும் பார்த்துக்கொள்வோம்.

கடைசியாக, உங்கள் அதிகாரத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு வேலை. தமிழ்நாட்டிலிருந்து வேறு மாநிலத்துக்கு மாறிய வண்டிக்குப் புது நம்பர் விழுந்துவிட்டது என்பது வாகன் தளத்தில் தெரிந்துவிடுகிறது. அதற்கு மேலும் உரிமையாளரை இங்கே வரவழைத்து, நகல் மேல் நகல் கேட்பது எதற்கு? பதிவு மாறியது தெரிந்த முப்பது நாளுக்குள், அவர் கேட்காமலேயே, மீதி வாழ்நாள் வரி அவர் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். இதை நாம் முதலில் செய்துவிட்டுக் கர்நாடகத்திடமும் கேரளத்திடமும் இதையே கேட்போம். புனேவிலோ பெங்களூரிலோ உட்கார்ந்துகொண்டு தமிழ்நாட்டு ரீஃபண்டுக்காகக் காத்திருப்பவர்களின் விண்ணப்பங்கள் எந்தெந்த ஆர்டிஓவில் எத்தனை மாதமாகக் கிடக்கின்றன என்ற பட்டியலை, அடுத்த சோதனைக்கு உத்தரவு போடுவதற்கு முன் வரவழைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
டிஎன் நம்பரில் முழு வரியும் கட்டி ஓட்டும் ஒருவர்